பின் சீட்டில் கிடந்தவன்

என் தம்பி ஸ்கூல் வேன் ஓட்டியவன். ஒரு மதியம், பின் சீட்டில் ஒரு குட்டிப் பெண் தூங்குவதைப் பார்க்காமல் வேனைப் பூட்டிவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வந்துவிட்டான். தட்டுகிற சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தையல்காரர்தான் ஓடிவந்து கண்ணாடியை உடைத்து அவளைத் தூக்கினார். பிழைத்துவிட்டாள். இன்று பத்தாவது படிக்கிறாள், தெருவில் கண்டால் "டிரைவர் மாமா!" என்று பல்லைக் காட்டுகிறாள். போன வாரம் அவள் அம்மாவே வந்து, "ஸ்கூல் தெறக்கப் போகுது, சின்னவள நீங்கதாண்ணே கூட்டிட்டுப் போகணும்" என்றாள். இவன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

அன்று விட்டவன்தான், பிறகு ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. உடைந்த கண்ணாடியை மாற்றி வேனை வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் நிறுத்தினான். விற்கவும் மாட்டான், ஓட்டவும் மாட்டான். மதியம் சோற்றில் கை வைத்தால் போதும், "தட்டுதுக்கா" என்று எழுந்து ஓடுவான். சாப்பாடு அப்படியே கிடக்கும். எலும்பும் தோலுமாகிவிட்டான். இப்படியே போனால் என் கண் முன்னாலேயே செத்துப்போவான் என்று எனக்குப் பயம். பயத்தைக் கத்தித்தான் எனக்குக் காட்டத் தெரியும்.

"தட்டவும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. உக்காந்து தின்னு!"

நேற்று எனக்கும் கேட்டது.

டொக். டொக். கை ஓய்ந்துபோன ஆள் தட்டுகிற மாதிரி. கரண்டியும் கையுமாக அவன் பின்னால் ஓடினேன். வேன் பூட்டியே இருந்தது. அவன் முழங்கையால் பின் கண்ணாடியின் தூசியைத் துடைத்தான். உள்பக்கம் ஆவி படர்ந்திருந்தது. அதில் ஓர் உள்ளங்கை அச்சு. குழந்தைக் கை இல்லை, பெரிய ஆளின் கை. சுண்டுவிரல் கோணியிருந்தது. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கி அப்படிக் கோணிப்போன விரல் என் தம்பிக்குத்தான். அவன் என் பக்கத்தில் நிற்கிறான்.

"உள்ள யாருடா?"

"நான்தான்" என்றான், சாதாரணமாக. "அன்னைக்குப் போட்டிருந்த அதே நீலச் சட்டை. எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா தெறக்காம இருக்க?"

"எதுக்குத் தெறக்கணும்? அந்தப் புள்ள என்ன பாடுபட்டுச்சோ! இவன் கெடக்கட்டும்."

உள்ளே நீலமாக ஏதோ அசைந்தது. கண்ணாடியில் ஒரு நெற்றி வந்து அழுந்தியது.

கோபம் வந்தால் எனக்குப் பயம் பறந்துவிடும். "மடையா! அந்தப் புள்ளைய அன்னைக்கே வெளிய எடுத்தாச்சு. அவ வளந்து சிரிச்சுக்கிட்டுத் திரியுறா. உள்ள கெடக்கறது என் தம்பிடா! அவன யாரு எடுக்கறது?" சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

தட்டல் மெலிந்துகொண்டே வந்து, நின்றுபோனது. அப்போதுதான் அவன் பதறினான். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தான். இத்தனை வருஷமும் அதைக் கூடவேதான் வைத்திருந்திருக்கிறான், பாவி. கதவை இழுத்துத் திறந்தான்.

"எறங்குடா" என்றான் உள்ளே பார்த்து. "போதும். எறங்கிடு."

வெந்த காற்று எங்கள் முகத்தில் அடித்தது. உள்ளே யாரும் இல்லை. பின் சீட்டு மட்டும் நனைந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் கேட்டான். சொம்பு சொம்பாகக் குடித்தான். பிறகு சோறு கேட்டான். சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தபோது அவன் முதுகைப் பார்த்தேன். வேன் சீட்டின் தையல் கோடுகள், வரிவரியாக, ரத்தம் கட்டிச் சிவந்து பதிந்திருந்தன. இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

"டயர்ல காத்து இருக்காது" என்றான். "காலைல சீக்கிரம் எழுப்பி விடுக்கா."