புதன்கிழமை எலி

டொக்டர் இராமநாதனிடம் மருந்துக்குப் போகிறவர்கள் மத்தியானச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போவது நல்லது. ஒரு ஆளை விசாரித்து முடிக்க அவருக்கு ஒன்றேமுக்கால் மணித்தியாலம் வேண்டும். தாகம் எப்படி, மடக்கு மடக்காகவா, ஒரே மூச்சாகவா? உப்புப் பிடிக்குமா, புளி பிடிக்குமா? எந்தப் பக்கம் சரிந்து படுக்கிறது? இடி இடித்தால் பயமா, எரிச்சலா? அழும்போது யாராவது தேற்றினால் ஆறுதலா, கோபமா? பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு கேட்பதில்லை. கேட்டதையெல்லாம் பதினொரு பக்கப் படிவத்தில் எழுதி, தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டி, கடுகளவு வெள்ளை உருண்டைகளைச் சின்னப் போத்தலில் போட்டுக் கொடுப்பார். கண்டியில், கொழும்பு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மக்கீனின் செருப்புக்கடைக்கு மேல்மாடியில் இருபத்திரண்டு வருடமாக ஹோமியோபதி இப்படித்தான் நடக்கிறது.

தொடுவது மட்டும் கிடையாது. நாடி பிடிக்கமாட்டார், வயிற்றை அமத்திப் பார்க்கமாட்டார், சட்டையைக் கழற்றச் சொல்லமாட்டார். "வாய் இருக்கேக்க உடம்பை ஏன் கிளறுவான்?" என்பார். அவர் படித்த புத்தகங்களே கண்ணால் பார், கையால் தொட்டுப் பார் என்றுதான் சொல்கின்றன. அந்தப் பக்கங்களை அவர் பரீட்சை முடிந்த அன்றோடு மூடிவிட்டார். இரத்த அழுத்தம் பார்க்கிற கருவி ஒன்று அலுமாரியில் பொலித்தீன் உறை கிழியாமல் இருக்கிறது.

உண்மை என்னவென்றால் மனுஷனுக்கு அருவருப்பு. வியர்வை, சீழ், ஊத்தை நகம் எதுவும் ஆகாது. அருவருப்பு என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் கொள்கை என்று பெயர் வைத்துக்கொண்டார். அந்தக் கொள்கையும் ஆளுக்கு ஆள் இளகும், இறுகும். வங்கி மனேஜர் வந்தபோது கையைப் பிடித்து நாடி பார்த்தார். நாக்கைக்கூட நீட்டச் சொன்னார். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வந்தால் மேசையை ஒரு சாண் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். சுன்னாகத்து நல்ல குடும்பம், பழக்கம் அப்படி. கேட்டால், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று மனதார நம்பித்தான் மறுப்பார்.

ஒரு புதன்கிழமை வேலாயி வந்து அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஹந்தானைத் தோட்டத்தில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவள், வயது அறுபத்திரண்டு, தனி ஆள். நித்திரை வரவில்லை, உடம்பு சோர்ந்து கிடக்கிறது, பன்னிரண்டு வருடமாகச் சீனி வியாதி என்றாள். சீனிக்குப் போடுகிற குளிசையை நிறுத்த வேண்டாம் என்றார் இராமநாதன். அந்த அளவுக்கு அவர் யோக்கியர்தான்.

"ஐயா, ஒண்ணு மட்டும் சொல்லிருங்க" என்றாள் வேலாயி. "வெட்டுறதுக்கு அனுப்ப மாட்டீங்களே?"

"எதை வெட்டுறது?"

"எங்க வீட்டுக்காரரு கறுப்பையாவுக்கு இந்தச் சீனியாலதாங்க முழங்காலோட எடுத்தாங்க. ஒத்தக் காலோட லயத்து வீட்டுப் படி எறங்க முடியாம ரெண்டு வருசம் வாசல்லயே குந்தியிருந்து செத்தாரு. அவருக்காவது நா இருந்தேன். எனக்குக் காலு போச்சுன்னா பீலியில தண்ணி புடிச்சாரக்கூட ஆளில்லீங்க."

"எங்கட வைத்தியத்தில கத்தியே இல்லை, அம்மா. நான் அனுப்பமாட்டன்" என்றார் இராமநாதன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதில் அவருக்கு எந்தக் கஷ்டமும் இருக்கவில்லை. கால் அவளுடையதுதானே.

பிறகு கேள்விகள் தொடங்கின. வேலாயிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தோட்டத்தில் இத்தனை வருடமும் அவளிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, இன்றைக்கு எத்தனை கிலோ என்பதுதான். இங்கே ஒரு படித்த மனுஷன் அவள் கனவில் என்ன வருகிறது என்று கேட்டு, வருவதை எழுதவும் செய்கிறார். யானை வருகிறது என்றாள். யானை துரத்துகிறதா, சும்மா நிற்கிறதா என்று அவர் கேட்டார். சும்மா நின்று வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறது என்றாள். அவர் அதையும் எழுதினார்.

"நா சொல்றதக் கேட்டு எழுதுற மொத ஆளு நீங்கதாங்க" என்றாள்.

இராமநாதனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அவரைப் பற்றி எத்தனை நக்கல் அடித்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்: காது கொடுத்துக் கேட்பதில் அந்த மனுஷனுக்கு நிகரில்லை. கண்ணையும் கையையும் கொடுத்திருந்தால் பெரிய வைத்தியராகவே ஆகியிருப்பார்.

"கை கால் எப்பிடி? எரிவு, குத்து, உளைவு ஏதும்?"

"அது பாட்டுக்குக் கெடக்குதுங்க."

'கைகால்: முறைப்பாடு இல்லை' என்று எழுதினார். வேலாயி செருப்பை வழக்கப்படி கீழே படிக்கட்டடியில் கழற்றிவிட்டு வந்திருந்தாள். கால் இரண்டையும் கதிரைக்கு அடியில் இழுத்து, சேலையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய மனுஷர் முன்னால் காலை நீட்டுவது மரியாதை இல்லை. நல்ல ஒழுக்கமான பெண் என்று அவரும் மெச்சிக்கொண்டார்.

வேலாயி கிழமைக்கு ஒருமுறை வந்தாள். மூன்றாம் புதன்கிழமை அறையில் நாற்றம் கிளம்பியது. எலி செத்துக் கிடக்கிறது என்று முடிவு கட்டினார் இராமநாதன். "ஓம், எலிதான், சந்தேகமே இல்லை." மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தார். வேலாயியும் எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, கதிரைக்கு அடியில், கதவுக்குப் பின்னால் என்று தேட ஒத்தாசை செய்தாள். அடுத்த நாள் மக்கீனைக் கூப்பிட்டு இரண்டு பேருமாக அலுமாரியை நகர்த்தினார்கள். ஒரு சீப்பும், எட்டு வருடத்துப் பழைய கலண்டரும், காய்ந்த பல்லி ஒன்றும் கிடைத்தன. பல்லிக்கு அவ்வளவு நாற்றம் வராது என்று மக்கீன் சொன்னார்.

நாலாம் கிழமை சாம்பிராணி போட்டார். ஐந்தாம் கிழமை, கீழே கடையில் அடுக்கி வைத்திருக்கும் தோல்தான் நாறுகிறது என்று மக்கீனிடம் சண்டைக்குப் போனார்.

"என்ட தோல் நாறல்ல டொக்டர்" என்றார் மக்கீன். "நாறுற தோலுக்கு ஆரு காசு தாற?"

மக்கீன் ரோஷக்காரர். முப்பது வருடக் கடையைப் பற்றி அப்படிச் சொன்னால் பொறுப்பாரா? அந்தக் கிழமை முழுவதும் காலையிலும் மாலையிலும் மாடி ஏறி மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். வியாழன் லேசாக இருந்தது. வெள்ளி இல்லை. சனி, திங்கள், செவ்வாய் ஒன்றுமே இல்லை. ஆறாம் புதன்கிழமை வேலாயி செருப்பைக் கழற்றிவிட்டு மேலே போனாள். மக்கீன் கடை வாசலில் நின்று அந்தச் செருப்பையே கொஞ்ச நேரம் பார்த்தார். குனிந்து வலது செருப்பைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அதை முகர்ந்தும் பார்த்தார், தொழில் அப்படி.

மேலே இராமநாதன், கனவில் யானை இன்னும் வேலிக்கு வெளியேதான் நிற்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மக்கீன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, செருப்பை மேசையில், பதினொரு பக்கப் படிவத்துக்கு மேலேயே வைத்தார்.

"என்ன மக்கீன் இது, மேசையில செருப்பு?"

"கோவிச்சுக்க வாணாம் டொக்டர். ஒங்கட எலி புதன்கெழம புதன்கெழம ஹந்தான பஸ்ஸுல வருது." மக்கீன் செருப்பைக் கவிழ்த்துக் காட்டினார். தகரக் கூரைக்கு அடிக்கிற ஆணி ஒன்று அடியில் தலை பதித்திருந்தது. நிமிர்த்தினார். பெருவிரல் பதிகிற இடத்தில் அதன் முனை கால் அங்குலம் மேலே நின்றது. சுற்றிவரக் கறுத்த கறை. "இத போட்டுக்கிட்டு ஒரு மனுசி மலையால எறங்கி வந்தீக்கி. மனுசன்ட கால தொடாம எனக்கு ஒரு சோடி செருப்பு விக்க ஏலா டொக்டர். நீங்க என்னண்டு மருந்து குடுக்கிறீங்க?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் கீழே இறங்கிப் போய்விட்டார்.

இராமநாதன் ஆணியைப் பார்த்தார். பிறகு வேலாயியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு சேலையைக் கால்மேல் இன்னும் இழுத்துவிட்டாள்.

"இது குத்தினது தெரியேல்லையா உங்களுக்கு?"

"தெரியலீங்க. ஆணி இருக்குறதே இப்பத்தாங்க தெரியும். சிமிந்தித் தரையில ரத்தம் பட்டிருந்துச்சு, அப்பத்தான் காலப் பாத்தேன். துணி சுத்திக் கட்டிட்டேன்."

"எலி தேடின அண்டைக்கும் உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியுங்க."

"பின்னை ஏன் சொல்லேல்ல?"

"நீங்க கேக்கலியேங்க" என்றாள் வேலாயி. குரலில் குற்றம் சொல்கிற தொனி இல்லை. "காலக் காட்டுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா காட்டியிருப்பேன். நீங்க கேக்காம இருந்தது எனக்கும் நிம்மதியாத்தாங்க இருந்துச்சு. காட்டினா வெட்டச் சொல்லுவாங்கன்னு பயம்."

படிவத்தில் நூற்றிப் பதினாறு கேள்வி. இடிக்குப் பயமா என்று கேட்டார், எதற்குத்தான் பயம் என்று கேட்டார். அவள் முதல் நாளே, கேள்வி தொடங்குமுன்னமே, தன் பயத்தைச் சொல்லியிருந்தாள். வலி இருந்தால்தானே வாய் சொல்லும்? சீனி தின்ற காலுக்கு வலியே இல்லை. வாயே இல்லாத காலிடம் போய் ஒன்றேமுக்கால் மணித்தியாலம் விசாரணை வைத்த வெட்கம் இராமநாதனின் காது வரைக்கும் சுட்டது.

அவர் எழுந்து மேசையைச் சுற்றி வந்தார். அந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லை. தரையில் முழங்காலை ஊன்றினார்.

"ஐயோ, வேணாங்கய்யா. நீங்க போயி என் காலத் தொடுறதாவது. பாவம் சேருங்க."

"காலைக் காட்டுங்கோ, அம்மா."

அவள் காலை உள்ளே இழுக்க, அவர் கணுக்காலைப் பிடித்து வெளியே எடுத்தார். துணியை அவிழ்த்தார். கண்ணை மூடி ஒரு தடவை மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி திறந்தார். பெருவிரலின் அடி கறுத்து, அழுகி, பக்கத்தில் சிவந்து வீங்கியிருந்தது. புண்ணுக்குத் தள்ளி விரலால் அமத்தினார்.

"இதில தெரியுதோ?"

"இல்லீங்க."

"இதில?"

"இல்லீங்க."

நடுப்பாதத்துக்கு வந்தார், குதிக்காலுக்கு வந்தார். இல்லீங்க, இல்லீங்க. கணுக்காலுக்கு மேலே நாலு விரல் ஏறியபோது அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இங்க தெரியுதுங்க. ஐயா கை சில்லுன்னு இருக்கு."

இராமநாதனுக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தைந்து வயதில், ஒரு செருப்புக்கடைக்காரன் சொல்லித்தர, முதன்முதலாக ஒரு நோயாளியின் நோயைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்" என்றார்.

"அனுப்ப மாட்டேன்னு சொன்னீங்களே."

"சொன்னனான். பாராமல் சொன்னனான், அது பிழை." கையைத் தன் வேட்டியிலேயே துடைத்தார். "நான் அனுப்பேல்ல. நானும் வாறன்."

வேலாயி அவிழ்ந்த துணியை மறுபடி காலில் சுற்றிக் கட்டினாள். பிறகு, படியில் இறங்க ஒரு கை தாங்க என்றாள். கீழே மக்கீன் ஆட்டோ ஒன்றை மறித்து வைத்திருந்தார். அவள் காலுக்குத் தன் கடையிலிருந்து மெத்தென்ற புதுச் செருப்பு ஒன்றையும் எடுத்து வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். பின்னேரம் நாலு மணிக்கு ஒரு இளம் டொக்டர்ப் பிள்ளை வந்து விஷயத்தைச் சொன்னாள். பெருவிரலை எடுக்க வேண்டும். பாதம் தப்பும், நடக்கலாம். இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் முழங்காலோடு போயிருக்கும். வேலாயி ஒரு விரல்தானா என்று இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். பிறகு சிரித்தாள்.

"நீங்க யாரு, மகனா?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். கேட்டபிறகுதான் அவருடைய நரைத்த தலையைக் கவனித்தாள்.

"நான் இவவுக்கு மருந்து குடுக்கிற டொக்டர்."

"அப்படியா? எவ்வளவு நாளா இந்தப் புண்ணைப் பாக்கிறீங்க?"

இராமநாதன் வாயைத் திறந்தார். ஆறு கிழமை என்று சொல்வதா? யானைக் கனவைப் பற்றிச் சொல்வதா? பதினொரு பக்கத்தில் இதற்கு விடையாக ஒரு வரி கிடையாது.

படுக்கையிலிருந்து வேலாயி முந்திக்கொண்டாள். அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிற அவசரம் அவள் குரலில் தெரிந்தது.

"ஐயாவ ஒண்ணும் சொல்லாதீங்க மகளே. ரொம்ப நல்லவரு. பாத்த அன்னைக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டாரு."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அந்தப் பிள்ளை மரியாதையோடு அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். இராமநாதனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.