நாள் பார்த்து உருக்கிய பொன்

மேற்கே கடல் இரைய, கிழக்கே காலி வீதியில் ஊர்திகள் இரைய, இவ்விரண்டுக்கும் நடுவே அடுக்குமாடிகள் தோளுரசி நிற்கும் வெள்ளவத்தையில், இளவெயில் ஏழாம் மாடிச் சாளரத்தைத் தொட்ட வேளை, கௌரி அம்மையார் இல்லத்தில் பொன்னுருக்கு தொடங்கிற்று, படிப்போரே! மணமகன் வீட்டில், நல்ல வேளை பார்த்து, தாலிக்குரிய பொன்னை உற்றார் முன்னிலையில் உருக்குவது யாழ்ப்பாணத்தார் வழக்கம். அவ்வேளைக்குள் உருகாவிடின் தம் மகன் ராகுலனின் வாழ்வே கருகிவிடுமென்று அஞ்சிய தாய் அவர்.

நெருப்போ பற்றமாட்டேன் என்று அடம்பிடித்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பத்தர் லோகேஸ்வரன், பொற்கொல்லர் மரபிற் பிறந்தும் நகைக்கடை விற்பனையாளராய் நின்றே ஆண்டுகள் பல கழித்தவர், தேங்காய்ச் சிரட்டைக்கரியைக் குழலால் ஊதி ஊதிக் கன்னம் வீங்கினார். கூரையில் புகையறிந்து கூவும் கருவியை நெகிழிப்பையால் மூடியிருந்தும், எந்நேரம் அலறுமோ என்று எல்லோரும் அதையே அண்ணாந்து பார்த்தனர். சாளரத்தைத் திறந்தால் கடற்காற்று கனலைச் சிதறடித்தது. அடைத்தால் கண் எரிந்தது.

“பத்தர், நேரம் போகுது! உருகுதோ?”

“பொறுங்கோ அம்மா, உருகும்.”

உருகிற்று! வேளை கழியுமுன்னே, தாலிக்கென இட்ட பொன் நாணயம் குழைந்து, நடுங்கி, சிறு மணியாய்த் திரண்டது. அப்பாடா என்று அமர்ந்தார் அம்மையார். மஞ்சள் பூசிய தட்டில் அதனை வைத்து, உற்றார் அனைவரும் தொட்டு வாழ்த்தினர்.

கருவிகளைக் கட்டிக்கொண்டே, “பொன்னை எங்க வைக்கிறது, அம்மா?” என்றார் பத்தர்.

“சாமியறையில வையுங்கோ. தாலி போன கிழமையே கடையில வாங்கியாச்சு,” என்று பெருமையோடு சொன்ன அம்மையார், சொன்ன வாய் மூடுமுன் திடுக்கிட்டார். அட கடவுளே! நாள் பார்த்து உருக்கிய பொன் சாமியறையில் உறங்க, நாள் பாராத பொன்னல்லவா மருமகள் கழுத்தில் ஏறப்போகிறது! இத்தனை பேர் கூடியும் ஒருவருக்கும் இது உறைக்கவில்லையே!

“பத்தர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இந்தப் பொன்னிலேயே ஒரு தாலி அடிச்சுத் தாங்கோ!”

லோகேஸ்வரன் தலைகுனிந்தார். “எனக்கு உருக்க மட்டுந்தான் தெரியும், அம்மா. தாலி அடிக்கிற வேலை அப்பாவோடயே போயிட்டுது. கடையில வாறதெல்லாம் அச்சில வார்க்கிறது.”

“வேற ஆரையும் தெரியாதோ?”

அவர் விரல் மடக்கி எண்ணத் தொடங்கினார். ஒருவர் கனடாவில், ஒருவர் கண்மங்கி மகள் வீட்டில், ஒருவர் மறைந்தே போனார். நான்காம் விரல் மடங்கவேயில்லை.

அம்மையார் பொன்மணியை உள்ளங்கையில் ஏந்தி, பாயசம் பருகிக்கொண்டிருந்த உற்றாரிடம் ஒவ்வொருவராய்ச் சென்று, “உங்களுக்கு ஆரையும் தெரியுமோ?” என்று கேட்டார். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினர். கரி அணைந்து, பொன்னும் ஆறிற்று. பொன் இருந்தது, நல்ல நாளும் இருந்தது, கட்டுவதற்கு மகனும் இருந்தான்; அதனைத் தாலியாக்கும் கை ஒன்றை மட்டும், இத்தனை காலமும் மறந்திருந்துவிட்டு, அன்றுதான் அவர்கள் தேடினார்கள்.