குழாய்க்கு வந்த அனுமதி

மூன்றாவது இழுப்பறையையும் பட்டறைத் தரையில் கவிழ்த்துவிட்டாள் டார்லா. திருகாணிகள், தேய்ந்த அரங்கள், காலி மூக்குக்கண்ணாடிக் கூடு, ரப்பர் வளையம் போட்ட ஒரு கடிதக் கட்டு. அவசரமாகப் பிரித்தாள். நுரையீரலில் கரி படிந்ததற்கு அப்பா கேட்ட நிவாரணத்தை மறுத்து அரசாங்கம் அனுப்பிய மூன்று கடிதங்கள். மூன்றையும் தேதி வரிசையில் அடுக்கி வைத்திருந்தார், பாவி மனுஷன். அவள் தேடிய காகிதம் அதில் இல்லை. மணி எட்டே முக்கால் ஆகிவிட்டது. பதினொன்றுக்கு அப்பாவின் அடக்கம்.

டெல்மர் சித்தப்பா காப்பிக் கோப்பையோடு வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அப்பாவின் ஒரே தம்பி. அடக்கம் முடிந்த கையோடு ஒஹையோவுக்குக் கிளம்புகிறார். அப்பா தன் கையால் செய்த குழாய் அதற்குள் சித்தப்பாவின் டிரக்கில் ஏறியிருந்தது.

குழாய் என்றால் துப்பாக்கியின் வாயில் திருகுவது, வெடிச்சத்தத்தை அடக்குவது. ஒரு சாண் நீளம்தான். கென்டக்கியில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம், குற்றமில்லை. ஆனால் இரும்பில் கை வைப்பதற்கு முன்பே வாஷிங்டன்காரன், அதாவது மத்திய அரசு, எழுத்தில் சரி சொல்லி, வரி கட்டியதற்கான ஸ்டாம்ப் வில்லை ஒட்டி அனுப்பியிருக்க வேண்டும். அனுமதி இல்லாத குழாய் யார் கையில் அகப்பட்டாலும் பத்து வருஷம் வரை உள்ளே இருக்க நேரலாம். உயிலில் பொறுப்பாளர் என்று எழுதியிருப்பது டார்லாவின் பெயர். அவள் வேலை பார்ப்பதோ ஷெரிஃப் அலுவலகத்தில், ஊர்ப் போலீசில்.

"கெடைச்சுதா?" என்றார் சித்தப்பா.

"தேடிட்டுத்தான இருக்கேன். நீங்க மொதல்ல அதை டிரக்லேருந்து எறக்குங்க சித்தப்பா. மாநில எல்லையைத் தாண்டுனா உங்களையும் சேத்து அள்ளிட்டுப் போயிருவான்."

"காகிதத்தைக் காட்டு, இப்பவே எறக்கறேன். காகிதம் இல்லாத சாமான் உன் வீட்ல இருந்தா உன் வேலை போகும். எனக்கென்ன, ரிட்டயர் ஆன ஆளு. ஏரியில கூட வீசிருவேன்." ஒரு வாய் குடித்தார். "இன்னொண்ணு. ஆகஸ்ட்லயே அண்ணன் அதை எங்கிட்ட காட்டுனான். கருகருன்னு, பேரெல்லாம் பொறிச்சு. காகிதம் எப்ப வந்துச்சாம்?"

'வந்துருச்சுடீ' என்று அப்பா டார்லாவிடம் போனில் சொன்னது அக்டோபரில். காகிதத்தை அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆகஸ்டில் செய்து அக்டோபரில் அனுமதி வாங்கியிருந்தால், காகிதம் கிடைப்பதும் ஒன்றுதான், கிடைக்காததும் ஒன்றுதான்.

அந்த விண்ணப்பத்துக்குக் கைரேகை எடுத்ததே அவள்தான். நாற்பது வருஷம் கரிச்சுரங்க இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டிய விரல்கள். ரேகை தேய்ந்துபோய், தெளிவில்லை என்று இரண்டு தடவை அட்டை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை ஒவ்வொரு விரலாகப் பிடித்து மையில் மெதுவாக உருட்டினாள். "பாத்துடீ, கழண்டு உன் கையோட வந்துரப்போவுது" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி முடிய வெகுநேரம் பிடித்தது. அவர் கையை அவள் அவ்வளவு நேரம் பிடித்திருந்தது அந்த ஒரு நாள்தான். அழுவதற்கு நேரமில்லை.

அம்மாவிடம் அவள் கேட்கவில்லை. கேட்டால் பத்து வருஷ ஜெயில் கதையையும் சொல்ல வேண்டியிருக்கும். மூன்று நாளாக ஒரு வாய் சாப்பிடாத மனுஷியை அதுவும் சேர்ந்து படுத்தவேண்டாம் என்று நினைத்தாள்.

இறுதிச்சடங்குக் கூடத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது பத்தரை. அம்மா ஐடாபெல் முன்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியை மூடலாமா என்று கேட்பதற்காகக் கூடத்தின் சொந்தக்காரர் ஃபுகேட் கைகட்டிக் காத்திருந்தார். சித்தப்பா கடைசி வரிசையில், தொப்பி முழங்காலில். மூடியைப் பார்த்ததும் டார்லாவுக்கு இதற்குமேல் தாங்கவில்லை. அம்மாவின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு வாஷிங்டன்லேருந்து ஒரு காகிதம் வந்துச்சே. அந்தக் குழாய்க்கு. வில்லை ஒட்டுனது."

"ஆமா, அவருகிட்டத்தான இருக்கு."

"யாருகிட்ட?"

அம்மா முகவாயால் பெட்டியைக் காட்டினாள். "கோட்டுப் பையில வெச்சேன். ஏன்டீ?"

"அதை ஏம்மா அங்க வெச்சே?"

"வேற என்னத்தை வெக்க? அந்த மனுஷன் ஆயுசுக்கும் கவர்மென்டு கிட்ட என்ன கேட்டாலும் இல்லன்னுதான் எழுதுனான். மூச்சு விட முடியல, உதவி பண்ணுங்கன்னு மூணு தடவை கேட்டாரு. மூணு தடவையும் இல்ல. இது ஒண்ணுக்குத்தான் சரின்னான். ஒரு வாரம் சட்டைப்பையிலயே வெச்சிக்கிட்டுத் திரிஞ்சாரு. பெட்ரோல் பங்குல எல்லாம் எடுத்துக் காட்டுனாரு. தெரியுமா உனக்கு?"

டார்லாவுக்குத் தெரியாது.

பெட்டியருகே போனாள். சாம்பல் நிறக் கோட்டின் உள்பையில் கை விட்டாள். துணிக்கு அந்தப்பக்கம் மார்பு பலகையாக இருந்தது. காகிதம் நாலாக மடித்து இருந்தது. பிரித்தாள். அப்பாவின் பெயர், ஊர், ஓரத்தில் வில்லை, கையெழுத்து, அனுமதிக்கப்பட்டது என்ற முத்திரை. தேதி அக்டோபர் ஒன்பது.

பின்னால் சித்தப்பா வந்து நின்றிருந்தார். தோளுக்கு மேலாகப் படித்தார். "அக்டோபர்," என்றார் தாழ்ந்த குரலில். "நான் ஆகஸ்ட்ல பாத்தேனே டார்லா. சத்தியமாப் பாத்தேன்."

"எதைப் பாத்தே?" என்றாள் அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"குழாயைத்தான் அண்ணி. பட்டறையில வெச்சுக் காட்டுனான்."

"கையில வாங்கிப் பாத்தியா?"

"தொடாதேன்னான். பெயின்டு காயலன்னான்."

"மரம் அது. காகிதம் வராம இரும்பைத் தொட மாட்டேன்னுட்டு, கடைசல் மிஷின்ல மரக்கட்டையப் போட்டு அளவு பாத்துக்கிட்டு இருந்தாரு. உள்ள ஓட்டை கூடக் கிடையாது. கறுப்பு அடிச்சு, பேரை வெட்டி, அஞ்சு உருப்படி. உங்கிட்ட பெருமையடிச்சிக்க வேற செஞ்சிருக்காரு. சட்டம் சட்டம்னு எனக்கு அடுப்புக்கு வெறகுதான் சேந்துச்சு."

சித்தப்பாவின் வாய் திறந்தபடி இருந்தது. மெல்லச் சிரிக்கத் தொடங்கி, பாதியில் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. "தொடாதேன்னான் அண்ணி," என்றார் மறுபடியும். பிறகு டிரக்கை நோக்கி வெளியே போனார்.

ஃபுகேட்டின் அறையில் நகலெடுக்கும் இயந்திரம் இருந்தது. டார்லா ஒரு நகல் எடுத்தாள். திரும்பி வந்தபோது சித்தப்பா துண்டில் சுற்றிய குழாயோடு நின்றார். வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். பெயரும் ஊரும் காகிதத்தில் இருந்தபடியே, ஓர் எழுத்து பிசகாமல்.

"குழாய்க்கு வாரிசு மனு போடறேன் சித்தப்பா. உங்க பேர்லயே போடறேன். அனுமதி வர்றதுக்குக் கொஞ்ச மாசம் ஆகும், அதுவரைக்கும் பொறுப்பாளர்ங்கற முறையில எங்கிட்ட இருக்கும்."

"ஆகட்டும். அவன் காத்திருந்தான்ல." அவள் கையிலிருந்த இரண்டு தாள்களையும் பார்த்தார். "எதை உள்ள வெக்கப்போற?"

அவள் அசலை நாலாக மடித்தாள்.

"பைத்தியமா நீ? நாளைக்கு எவனாவது அசலைக் கேட்டா?"

"கேட்டா எங்க இருக்குன்னு சொல்றேன்."

அம்மா எழுந்து வந்தாள். டார்லா காகிதத்தை உள்பையில் வைத்ததும், கோட்டின் மடிப்பைத் தன் கையால் இழுத்துச் சரிசெய்தாள். ஃபுகேட் மூடியை இறக்கினார்.

வண்டிகள் வரிசையாகக் கிளம்பின. முன்னால் வழிவிடச் சொல்லிப் போனது ஷெரிஃப் அலுவலகக் கார்தான், நீல விளக்கு சுழல. ஓட்டியவன் அவளுடைய பக்கத்து மேஜைக்காரன். மலைச்சாலை வளைவில் எதிரே வந்த கரி லாரி ஓரங்கட்டி நின்றது. டிரைவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். டார்லாவின் மடியில் குழாய் துண்டில்லாமல் கிடந்தது, அதன் மேல் நகல். காகிதம் காற்றில் பறக்காமல் இருக்க மட்டும் ஒரு விரலை வைத்திருந்தாள்.