பெயிண்ட் காயும் வரை

இன்றைக்கு முன் பிரேக்கை மட்டும் காட்டினால் போதும் என்று லிஃப்ட்காரர் முடிவு செய்தார். ஒயருக்குப் பதில் தடித்த இரும்புக் கம்பியால் இயங்கும் பழைய பிரேக். சன்னல் வெளிச்சம் படும்படி சைக்கிளைத் திருப்பி ஒரே ஒரு படம் எடுத்து, பழைய சைக்கிள் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிட்டால் நாளைக்கு யார் பேசுவார்கள்?

லிஃப்ட் இயக்கும் வேலையில் இருந்த காலமெல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள் நின்றபடி ஊர்ப்பட்ட சனத்தோடு பேசியவர் அவர். மாடி வருவதற்குள் கதையை முடிக்கிற வித்தை அவருக்குக் கைவந்தது. இப்போது ஆரம்பிக்கத்தான் ஆளில்லை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். "சாப்டீங்களாப்பா, மாத்திர போட்டீங்களாப்பா" என்பதோடு சரி. குடியிருப்பின் கீழ்த்தளக் கிடங்கைக் காலி செய்தபோது கேட்பாரற்றுக் கிடந்த இந்தச் சைக்கிளை அவர் மேலே தூக்கி வந்ததே, "எதுக்கு சார் இது?" என்று யாராவது கேட்பார்கள் என்றுதான். படியில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள், அவ்வளவுதான்.

குழுவில் கேட்டார்கள். கேட்டதோடு விடாமல் அடித்தும் கொண்டார்கள். முன் குழாயில் கம்பெனிப் பெயர்த் தகடு உதிர்ந்துபோய் இரண்டு ஆணித்துளைகள்தான் மிச்சம். துளைகள் இருக்கும் தூரத்தைப் பார்த்தால் இன்ன கம்பெனி என்றார் ஒருவர். செயின் வீலில் வெட்டியிருக்கும் இலை வடிவத்தைப் பார்த்தால் அது இல்லவே இல்லை என்றார் இன்னொருவர். இரண்டாம் உலகப் போருக்கு முன்பா பின்பா என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். டைனமோ என்று குழுவில் பேர் வாங்கியவன் மட்டும் ஒன்றையே விடாமல் கேட்டான். பெடல் அச்சு நுழைகிற குழாய்க்கு அடியில் நம்பர் அடித்திருப்பார்கள், சுரண்டிப் பாருங்கள், அது கிடைத்தால் கம்பெனி, வருஷம் எல்லாம் தெரிந்துவிடும்.

லிஃப்ட்காரர் எப்போதோ சுரண்டிப் பார்த்துவிட்டார். நம்பர் பளிச்சென்று இருந்தது. ஆனால் குழுவில் வேறொருவரின் சைக்கிளுக்கு நம்பர் கிடைத்தபோது என்ன ஆனது என்பதையும் பார்த்திருந்தார். கைதட்டும் பொம்மைகள் வரிசை கட்டி வந்தன. அதன்பின் அந்த மனிதரை ஏனென்று கேட்க நாதியில்லை. அதனால்தான் இடுப்புவலி, கண்ணாடி உடைந்துவிட்டது என்று சாக்குச் சொல்லிக் காலத்தை ஓட்டினார்.

பிரேக் படம் போன கொஞ்ச நேரத்தில் டைனமோவே கூப்பிட்டான்.

"அண்ணே, நீங்க குனியவே வேணாம். நாளைக்கு அந்தப் பக்கம்தான் வரேன். நானே பாத்துடறேன்."

"வாப்பா, தாராளமா வா!"

போனை வைத்ததும் சந்தோஷத்தில் தலை கால் புரியவில்லை. வீட்டுக்கு ஒரு ஆள் வருகிறது! அப்புறம்தான் சுரண்டிய இடம் ஞாபகம் வந்தது. மறுநாள் கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய்க் கறுப்பு பெயிண்ட் வாங்கிவந்து, நம்பர் மேல் தாராளமாக அப்பினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

டைனமோ நனைந்துகொண்டு வந்தான். மகள் வயதுதான் இருக்கும். "ஒரு கை புடிங்கண்ணே" என்று சைக்கிளைக் கூடத்தின் நடுவில் கவிழ்த்து நிறுத்தினான். டீ போடட்டுமா என்று லிஃப்ட்காரர் கேட்டு வாய் மூடுவதற்குள் அவன் விரல் அந்த இடத்தைத் தொட்டுவிட்டது.

விரல் நுனியில் கறுப்பு. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். லிஃப்ட்காரருக்கு முகமெல்லாம் எரிந்தது. இந்த வயதில் இப்படிக் கையும் களவுமாகப் பிடிபட வேண்டுமா?

டைனமோ நிமிர்ந்து பார்க்காமல் கைக்குட்டையில் விரலைத் துடைத்தான்.

"ஈரமா இருக்குண்ணே. காயட்டும்."

"காஞ்சா வருவியா?"

"இந்த மழையில எங்க காயப்போகுது" என்று சிரித்தான். "டீ இன்னொரு நாளைக்கு வச்சுக்கலாம். பஸ் போயிடும்."

செருப்புச் சத்தம் படியிறங்கி மறையும்வரை லிஃப்ட்காரர் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, சைக்கிளுக்கு நேர்மேலே இருந்த மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டார். சீக்கிரம் காய்ந்தால் அவன் சீக்கிரம் வருவான். வந்தால் சுரண்டி நம்பரைப் பார்த்துவிடுவான், அப்புறம் வர மாட்டான். நாற்காலியில் போய் உட்கார்ந்தவர், எழுந்து வந்து விசிறியை அணைத்தார். இறக்கைகள் மெல்ல மெல்லச் சுற்றி ஓய்வதை, கவிழ்ந்து கிடந்த சைக்கிளின் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். அவை நிற்பதற்குள் கை மறுபடி சுவிட்சைத் தேடிப் போனது.