எண்பத்தேழு புள்ளி நான்கு

வெற்றிச்செல்வியை ஏமாற்றி ஒரு லாரி எடைமேடையைத் தாண்டிவிட முடியாது என்பது அரியலூர்ப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் ஓட்டுகிற அத்தனை டிரைவர்களுக்கும் தெரியும். பதினோரு வருஷமாக சிமெண்ட் ஆலை வாசலில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடை போடுகிறவள். கல்லோடு வரும்போது ஒரு எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு எடை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் சீட்டில் ஏறும். ஒருத்தன் வரும்போது கிளீனரையும் வைத்து நிறுப்பான், போகும்போது நைசாக இறக்கிவிட்டு வருவான். இன்னொருத்தன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வந்து உள்ளே திறந்து விடுவான். எல்லோரையும் பிடித்திருக்கிறாள். திட்ட மாட்டாள், மைக்கில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். அதிலேயே ஆள் கூனிப்போவான்.

அப்பேர்ப்பட்டவள்தான் ஒரு செவ்வாய்க்கிழமை இடுப்பில் எடைக்கல்லைக் கட்டிக்கொண்டு பெரம்பலூர் பஸ்ஸில் ஏறினாள். கட்ட வைத்தார்கள் என்று சொல்வதுதான் நியாயம்.

போன வருஷம் அவளுக்குச் சர்க்கரை முந்நூறைத் தாண்டிவிட்டது. குதிகாலில் ஒரு வெடிப்பு ஆறவே இல்லை. அவளுடைய அம்மா பொன்னாயிக்கும் இப்படி ஒரு காயத்தில்தான் ஆரம்பித்தது, முழங்காலோடு எடுத்தார்கள். வெற்றிச்செல்விக்கு அந்தப் பயம் உண்டு. அதனால் டாக்டர் சொன்னபோது மறுபேச்சுப் பேசவில்லை. எடை குறைந்தால் சர்க்கரையும் அடங்கும், வாரம் ஒரு ஊசி, பேனா மாதிரி இருக்கும், நீங்களே வயிற்றில் போட்டுக்கொள்ளலாம் என்றார் டாக்டர். ஒரு மாத ஊசியின் விலையைக் கேட்டதும் அவள் எழுந்துவிட்டாள். கிட்டத்தட்ட அவளுடைய ஒரு மாதச் சம்பளம்.

ஆலை ஆட்களுக்கு எடுத்திருந்த குரூப் இன்சூரன்ஸில் அந்த வருஷம்தான் புதிதாக ஒரு சலுகை சேர்த்திருந்தார்கள். சர்க்கரை இருந்து, உயரத்துக்கும் எடைக்கும் போடுகிற கணக்கு முப்பத்தைந்துக்குக் குறையாமல் இருந்தால் ஆறு மாத ஊசி அவர்கள் பொறுப்பு. அவள் உயரம் நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர், எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. தாராளமாக உள்ளே வந்தாள்.

பத்தே நாளில் வித்தியாசம் தெரிந்தது. சாப்பிட்டு எழுந்த கையோடு அடுத்து என்ன என்று கேட்கிற வயிறு வாயை மூடிக்கொண்டது. ஆறு மாதத்தில் எண்பத்து நாலே கால் கிலோவுக்கு வந்துவிட்டாள், சரியாகச் சொன்னால் எண்பத்து நாலு புள்ளி இரண்டு. குதிகால் ஆறியது. கண்ணாடி அறைக்கு ஏறுகிற ஒன்பது படியையும் மூச்சு வாங்காமல் ஏறினாள். தன் உடம்பின் மேல் அவளுக்கு முதல்முறையாக ஒரு பிரியம் வந்தது.

அப்போதுதான் ஆபீஸில் இன்சூரன்ஸ் வேலை பார்க்கும் சுகன்யா கூப்பிட்டனுப்பினாள்.

"அக்கா, ஆறு மாசம் முடிஞ்சிருச்சு. தொடரணும்னா திரும்ப வெயிட் பாக்கணும். பெரம்பலூர்ல அதே ஆஸ்பத்திரிதான்."

"பாத்துட்டாப் போச்சு. ஏழெட்டு கிலோ கொறஞ்சிருக்கேன், சந்தோசப்படுவாங்க."

"அங்கதான்க்கா இடிக்குது. உங்க உயரத்துக்கு எண்பத்தேழு புள்ளி நாலுக்குக் கீழ போயிட்டா, இனிமே ஊசி தேவையில்லன்னு எழுதிடுவாங்க. பேக்கிங்ல நஜீமுதீன் பாய்க்கு அப்படித்தான் ஆச்சு. ஊசிய நிறுத்தி நாலே மாசம், பழையபடி ஏறிட்டாரு."

"கொறஞ்சதே ஊசியாலதானம்மா?"

"எனக்குத் தெரியுது. அவங்களுக்குத் தெரியணுமே."

உடையார்பாளையத்தில் அவள் புருஷன் பழனிவேலுக்கு முந்திரிக்கொட்டை வாங்கி விற்கிற சின்னக் கடை. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு பழைய இரும்புக் கற்கள் மூலையில் கிடந்தன. மனைவி கொண்டு வருகிற லாரிக்காரர் கதைகளைத் தினமும் கேட்டுச் சிரிக்கிறவர் அவர். அன்றைக்கு அவள் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் அவருக்கு விளங்கிவிட்டது. இரண்டு கிலோ, ஒரு கிலோ, இருநூறு கிராம் என்று அவளே பொறுக்கினாள். கணக்குச் சரியாக எண்பத்தேழு புள்ளி நாலில் நின்றது.

"இந்த அரைக் கிலோவையும் சேத்துக்க செல்வி. எல்லையில போயி நின்னா சந்தேகப்படுவான்."

டிரைவர்களும் அப்படித்தான், பத்திரத்துக்குக் கொஞ்சம் கூட வைப்பார்கள். அவள் சரியென்றாள். கற்களைப் பழைய துண்டில் வரிசையாகச் சுற்றி, பாவாடை நாடாவுக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். பஸ் ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கும்போதும் இரும்பு இடுப்பெலும்பில் குத்தியது. மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட அத்தனை டிரைவர்களும் அவள் நினைவுக்கு வந்தார்கள். வெட்கத்தில் காது சுட்டது.

ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எண்பத்தேழு புள்ளி ஒன்பது என்று எழுதி முத்திரை குத்தினாள்.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. சுகன்யா அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்லன்னுட்டாங்கக்கா."

"ஏன்? எண்பத்தேழு நாலுக்கு மேலதான இருக்கு?"

"அது சரிதான். மருந்து உங்க ஒடம்புக்குக் கேக்கலன்னு போட்டிருக்காங்க. முதல் எடையில நூத்துக்கு அஞ்சாவது கொறஞ்சிருக்கணுமாம். தொண்ணூத்திரண்டுக்கு நாலு புள்ளி ஆறு கிலோ. நீங்க நாலு புள்ளி ஒண்ணுதான் கொறஞ்சிருக்கீங்க. எனக்கே இப்பத்தான் தெரியும்."

வெற்றிச்செல்விக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒற்றை எடையை வைத்து ஊரில் எவன் சீட்டுப் போடுவான்? முதல் எடையிலிருந்து கழிக்காமல் விடுவானா? பதினோரு வருஷம் அதே வேலையைச் செய்துவிட்டு, தனக்கென்று வந்தபோது ஒரே ஒரு எடையைக் கட்டிக்கொண்டு போய் நின்றிருக்கிறாள். பிறகு இன்னொன்று உறைத்தது. கால்குலேட்டரை இழுத்துத் தொண்ணூற்றிரண்டிலிருந்து நாலு புள்ளி ஆறைக் கழித்தாள்.

எண்பத்தேழு புள்ளி நாலு.

அதற்கு மேலே இருந்தால் மருந்து கேட்கவில்லை. கீழே இருந்தால் மருந்து தேவையில்லை. அவளுக்கென்று அவர்கள் விட்டு வைத்திருப்பது அந்த ஒரே எண். பழனிவேல் சேர்த்த அரைக் கிலோ இல்லாமல் போயிருந்தால் அதில்தான் நின்றிருப்பாள்.

"மேல்முறையீடு ஒரு தடவை பண்ணலாம்க்கா. முப்பது நாளுக்குள்ள. ஆனா டாக்டர் முன்னாடி, ஆஸ்பத்திரி அங்கிய மாட்டிக்கிட்டு எடை பாப்பாங்க."

அங்கிக்குள் கல் கட்ட முடியாது. மூன்று கிலோ இருநூறு கிராமும் உடம்பில் ஏற வேண்டும், வேறு வழியில்லை. கையிலிருந்த ஊசியும் தீர்ந்திருந்தது.

முதல் வாரம் வேண்டுமென்றே தின்றாள். பரோட்டா, முந்திரிப் பருப்பு, டீக்கடை போண்டா. இரண்டாவது வாரத்தில் வேண்டுமென்று எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பழைய பசி முழுசாகத் திரும்பியிருந்தது. லாரிக்கு எடை போட்டுக்கொண்டிருக்கும்போதே கை தானாக டிபன் பாக்ஸைத் தேடியது. அவள் பயந்துபோனாள், தின்றுகொண்டே பயந்தாள். விரல் நுனியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை இருநூற்று அறுபது. குதிகாலில் பழைய இடத்தில் நமநமவென்று அரிப்பு. வீட்டுக்கு வாங்கிய எடை மிஷினில் காலையில் ஏறி மாலையில் ஏறி, எண்பத்தாறு வந்தபோது சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

இருபத்தேழாம் நாள் பெரம்பலூரில் அங்கியோடு நின்றாள். எண்பத்தேழு புள்ளி ஆறு. எழுதுவதற்குள், "பாத்ரூம் போயிட்டு வந்துடுறேங்க" என்று ஓடினாள். திரும்பி வந்து ஏறினாள். மிஷினில் எண்கள் தயங்கின. எண்பத்தேழு புள்ளி நாலு.

டாக்டர் எழுதினார். அவள் அங்கேயே நின்று அழுதாள்.

பத்து நாளில் ஒப்புதல் வந்தது. பழனிவேல் கால் கிலோ அல்வாவோடு ஆலை வாசலுக்கே வந்துவிட்டார். சுகன்யா தாளைக் கொடுக்கும்போது மட்டும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"கடைசி வரியப் படிங்கக்கா."

ஆறு மாதம் கழித்து மறுபடி எடை. ஒப்பிட வேண்டிய முதல் எடை தொண்ணூற்றிரண்டு. விதிகளில் மாற்றம் இல்லை. அன்றைக்கும் அவள் எண்பத்தேழு புள்ளி நாலாகத்தான் இருக்க வேண்டும்.

இறங்கவிட்டுக் கடைசி மாதத்தில் ஏற்றிக்கொள்ளலாமே என்றார் பழனிவேல். ஏற்றுவதற்கு மறுபடி ஊசியை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் என்ன ஆகும் என்று இப்போதுதான் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு மாதத்தில் தன் காலை இன்னொரு தடவை பணயம் வைக்க அவளுக்குத் துணிவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊசி போட்டுக்கொண்டாள். இரண்டாம் வாரத்தில் சர்க்கரை இறங்கியது, பசி அடங்கியது, எடை எண்பத்தாறு புள்ளி ஒன்பது காட்டியது.

மறுநாள் காலை பழனிவேல் தட்டில் ஆறு இட்லி வைத்தார். இரண்டு தின்றதும் அவளுக்கு நெஞ்சு வரைக்கும் நிறைந்துவிட்டது.

"போதும்னா வுட்டுடேன் செல்வி. இதுக்காகத்தான இவ்வளவு பாடுபட்ட?"

"வுட்டா எடை கொறஞ்சிடுங்க" என்றாள் அவள்.

தண்ணீர்ச் செம்பைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு மூன்றாவது இட்லியைப் பிட்டாள்.