பெரியவருக்குக் கறி ஆகாது

பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனபோது உடைந்த நாற்காலியைக்கூட வண்டியில் ஏற்றினார்கள். பூனையை விட்டுவிட்டார்கள், பாவிகள். பல் பாதி போன கிழட்டுப் பூனை. பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டு கிடந்துவிட்டு, கடைசியில் எங்கள் படியில் வந்து உட்கார்ந்தது.

“கறிக்கடைக்காரன் வீட்ல பூனையா? பாலுக்குப் பூனையைக் காவல் வச்ச கதையாயிடும்டி” என்று குதித்தார் என் வீட்டுக்காரர்.

குதித்த மனுஷன்தான், ஒரு வாரம் போவதற்குள் அதற்குப் பெரியவர் என்று பெயர் வைத்தார். “பெரியவர் சாப்ட்டாரா? பெரியவருக்குக் குளிருது பாரு, ஜன்னலைச் சாத்து.” என்னை ஒரு நாள் இப்படிக் கேட்டிருப்பாரா?

பெரியவர் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தார். ஆனால் உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. கால்நடை டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

“ரெண்டு கிட்னியும் போச்சும்மா. குணமாகாது, தள்ளிப்போடலாம். தினம் தோலுக்கடியில மருந்துத் தண்ணி ஏத்தணும். இதுக்குன்னு தனித் தீனி இருக்கு, அதுதான் குடுக்கணும். கறி ஆகவே ஆகாது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கறிக்கடையில வாழ்க்கைப்பட்டும் உங்களுக்கு இப்படி ஒரு தலையெழுத்தா, பெரியவரே!” என்றேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

எனக்கு ஊசியைக் கண்டாலே ஆகாது. அவர்தான் போட்டார். மருந்துப் பையை வெந்நீரில் வைத்து, குளிர் விட்டதா என்று தன் மணிக்கட்டில் ஒட்டிப் பார்ப்பார். பிடரித் தோலைக் கூடாரம் மாதிரி தூக்கி ஊசியை இறக்குவார். பெரியவர் முனகக்கூட மாட்டார். கடையிலிருந்து வந்ததும் கையை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துக் கழுவாமல் பெரியவரைத் தொட மாட்டார். “ஆசையைக் காட்டி மோசம் பண்ணக் கூடாதுடி” என்பார்.

அப்படி ஒரு வருஷம் ஓடியது. பிறகு பெரியவர் தீனியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். வாயெல்லாம் புண், எச்சில் ஒழுகியது. பின்னங்கால் இழுத்தது. மூத்திரம் போன இடத்திலேயே கிடந்தார்.

“இனிமே இழுத்தடிச்சா அதுக்குத்தான் வேதனை. கூட்டிட்டு வாங்க, வலியில்லாம அனுப்பிடலாம்” என்றார் டாக்டரம்மா.

“நாளைக்கு” என்றார் இவர். மறுநாளும் “நாளைக்கு” என்றார். பெரியவர் ராத்திரியெல்லாம் கத்தினார். அது பூனைச் சத்தமே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் எனக்குப் பொறுக்கவில்லை. “தினம் எத்தனை உயிரை எடுக்கிற கை! இந்த ஒண்ணுக்கு என்ன நடுக்கம்?” என்று கேட்டுவிட்டேன்.

அவருக்கு முகம் செத்துவிட்டது. “ஆடு என்னைப் பார்த்தா மிரளும். இவர் மடியில வந்து படுக்கிறாருடி. என்னால ஆகாது, நீ போயிட்டு வா.”

“கொஞ்சறதுக்கு நீங்க, கொல்றதுக்கு நானா?” என்று கத்திவிட்டுக் கூடையைத் தூக்கினேன். எடையே இல்லை.

டாக்டரம்மாவின் மேசையில் நான்தான் பெரியவரைப் பிடித்துக்கொண்டேன். யாராவது கதவைத் திறந்தால் போதும், தூக்க முடியாத தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் என்று தெரிந்தும் என்னைப் பார்க்கவில்லை. மருந்து ஏறி முடிந்த பிறகும் கண் கதவுப் பக்கமே இருந்தது. நான்தான் கண்ணை மூடிவிட்டேன்.

பின்வாசலில் புதைக்க உடம்பைக் கூடையிலேயே வைத்துத் தந்தார்கள். வழியெல்லாம் ஒரு நல்ல பொய்யைத் தேடிக்கொண்டே நடந்தேன். நிம்மதியாகத் தூங்கிவிட்டார் என்று சொல்ல எனக்கென்ன காசா பணமா?

அவர் கடை திறக்கவில்லை. வாசலிலேயே நின்றிருந்தார்.

“பயந்தாரா?”

“கதவு தொறக்கும்போதெல்லாம் உங்களைத் தேடினாரு.”

கூடையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். “நான் வந்திருக்கணும்” என்றார்.

“ஆமா” என்றேன்.