பின்னே போகும் பிளேடு

ஜேக்கப் ரத்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். பிரசவத்துக்குப் பிறகு அவன் மனைவி ஜூலிக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. அவளுடைய வகை ரத்தம் சிதம்பரத்தில் கிடைக்காமல் காலையில் பைக்கில் கடலூர் வந்தான். வாங்கித் திரும்புவதற்குள் வெள்ளாறு சாலையை மூடிவிட்டது.

ஜூலியின் அண்ணன் அருள் பிரகாஷ், வெள்ள நிவாரணத்துக்கு வந்திருந்த ஹெலிகாப்டரின் மெக்கானிக். பைலட் பவானியிடம் கெஞ்சி ஜேக்கப்பை ஏற்றினான். அரிசி மூட்டைகளை இறக்கவில்லை. அந்தப் பக்கமும் பசி இருந்தது.

கீழே வயல் தெரியவில்லை. ஒரே தண்ணீர்.

ஜேக்கப் அருளின் காதருகே குனிந்தான்.

"இன்னாத்துக்கு மச்சான் இப்படி ஊருது? பண்ருட்டி பஸ்ஸே இதவிட வேகமா போவும்."

ஏன் என்று அருளுக்குத் தெரியும். பறக்கையில் தலைக்கு மேல் சுழலும் பிளேடுகளில் முன்னே வருவதில் காற்று அதிகம் மோதும், பின்னே போவதில் குறைவு. பிளேடின் அடியில் மேலும் கீழும் அசையக் கீல் இருப்பதால் முன்னே வருவது சற்று எழும்பித் தன் தூக்கும் பலத்தைக் குறைத்துக்கொள்ளும். பின்னே போவது தாழ்ந்து கூட்டிக்கொள்ளும். இரு பக்கமும் சமமாவது அப்படித்தான். பாரமும் வேகமும் மிஞ்சினால் பின்னே போகும் பிளேடு தோற்றுவிடும். ஹெலிகாப்டர் அந்தப் பக்கம் சரியும்.

தெரிந்தும் மைக்கில் கேட்டான். "மேடம், இன்னுங் கொஞ்சம் போலாமா?"

பவானி பிடியை முன்னே தள்ளினாள். வேகம் கூடியது.

முதலில் தரை அதிர்ந்தது. பிறகு இருக்கை. ஜேக்கப் பெட்டியை இரு கையாலும் அணைத்தான்.

"தாங்குமா அருள்?" என்றாள் பவானி.

தங்கை அங்கே கிடக்கிறாள்.

"கொறைங்க மேடம்."

அதிர்வு அடங்கியது. ஜேக்கப்பிடம் ஹெட்செட் இல்லை. வேகம் குறைந்தது மட்டும் புரிந்தது. பவானியின் முதுகைப் பார்த்து ஏதோ திட்டினான். அருள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சிதம்பரம் மைதானத்தில் இறங்கியதும் ஜேக்கப் பெட்டியோடு ஆம்புலன்ஸுக்கு ஓடினான். ஹெலிகாப்டரைச் சரிபார்க்காமல் அருளால் போக முடியவில்லை. பிளேடுகள் நின்றன. மூட்டைகள் இறங்கின. போன் வரவில்லை. மேலே ஏறிக் கீல்களைத் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி தொட்டுப் பார்த்தான்.

போன் வந்தது.

"ரத்தம் ஏறுது மச்சான். கண்ணு தொறந்துட்டா." ஜேக்கப்புக்கு மூச்சு வாங்கியது. "அந்தம்மா மட்டும் நடுவுல கொறைக்காம இருந்திருந்தா..."

"கொறைக்கச் சொன்னது நான்தான்."

ஜேக்கப் போனை விலக்கி ஜூலியிடம், "ஒங்கண்ணன்தான்," என்றது கேட்டது.

"சரி, வா," என்றான் ஜேக்கப். "உன்னத்தான் கேக்குறா."